மகன் அறையில் கட்டிய பேஸ் பெட்டி

பாரங்கீயா நகரத்தின் தெற்குப் பக்கத்தில் பிக்கோ இல்லாத தெரு கிடையாது. பாட்டுப் போடும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி, முகப்பில் கண்ணைப் பறிக்கும் ஓவியம், அதற்கொரு பட்டப்பெயர். சனிக்கிழமை ஆனால் அது தெருவையே அதிர வைக்க வேண்டும். பிக்கோ கட்டுவதில் அடல்பெர்தோவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊர் சொன்னது. ஊரைவிட அதிகமாக அவரே சொன்னார். பக்கத்துத் தெருவில் பிக்கோ கட்டிய ஓவெர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஓவெரின் பிக்கோவுக்குத்தான் வயர் இழுக்கப் போனான் அடல்பெர்தோவின் ஒரே மகன் யாமித். கார்னிவல் சனிக்கிழமை, தெரு முழுக்க ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, எதிரியின் பெட்டிக்குப் பின்னாலிருந்து மகன் எழுந்து நின்றதை அப்பா பார்த்துவிட்டார்.

"சோறு போடுறது நானு, வேலை பாக்குறது அவனுக்கா? இனிமே என் வீட்ல உனக்கு இடமில்ல, போடா!"

"அவரு என்கிட்ட யோசனை கேக்குறாருப்பா. நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

அந்த வாரமே யாமித் சிலி நாட்டுக்கு வேலை தேடிப் போய்விட்டான்.

கோபத்தில் சொன்னதை அப்பன்மார் நாலு நாளில் மறந்துவிடுவார்கள். இந்த மனிதருக்கு அந்த நல்ல புத்தி வரவில்லை. ஓவெர் அலமாரி அளவுக்கு, அடித்தொனி அதிரும் புதிய பேஸ் பெட்டி செய்திருந்தான். அதை மிஞ்சும் பெட்டியை வைக்க இவர் கூடத்தில் இடமில்லை. ஒருநாள் காபியும் கையுமாக யாமித்தின் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறி தட்டியது. பெட்டி என்றால் என்ன? ஸ்பீக்கருக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்று. அறையையே அடைத்துவிட்டால் போயிற்று.

"ஏன்யா, புள்ள வந்தா எங்க படுப்பான்?" என்றாள் மனைவி நூரிஸ்.

"வந்தா பாத்துக்கலாம்."

"என்னத்தப் பாப்ப? சுவத்தையா?"

கூடத்துச் சுவரில் நான்கு பெரிய ஓட்டைகள் போட்டார். தடித்த பலகையை இரட்டையாக அறைந்து, அண்டா வாய் அகலத்துக்கு நான்கு ஸ்பீக்கர்களைப் பதித்தார். அறையின் ஜன்னலைச் செங்கல்லால் மூடினார். கதவைக் கழற்றிவிட்டு சிமெண்ட் கல் அடுக்கிப் பூசினார். மெழுகுவத்தியை ஏற்றி ஓரமெல்லாம் காட்டி, சுடர் ஆடிய இடத்திலெல்லாம் பசை வைத்து அடைத்தார். மெத்தை, தலையணை, மாட்டியிருந்த சட்டைகள் எல்லாம் உள்ளேயே கிடந்தன. கல் அடுக்குவதற்கு முன்பு நூரிஸ் சட்டைகளையாவது எடுத்துவிடுகிறேன் என்றாள். "துணி இருக்கட்டும். எதிரொலியக் குடிச்சிடும்," என்றார். அன்று அவர் தட்டில் சோறு விழுந்த சத்தம் எதிர் வீட்டுக்குக் கேட்டது.

ஆனால் பேஸ் என்றால் அதுதான் பேஸ். காதுக்கு வருவதற்கு முன்பே வயிற்றுக்கு வந்தது. நாலு வீட்டுத் தகரக் கூரை தாளம் போட்டது. ஓவெரே வந்து நின்று கேட்டு, தொப்பியைக் கழற்றி மரியாதை காட்டிவிட்டுப் போனான். தெரு கொண்டாடியது. கூட்டம் கலைந்த பிறகு அடல்பெர்தோ கூடத்தில் தனியாக உட்கார்ந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்க, தொழில் தெரிந்த ஒருத்தன் வீட்டில் இல்லை. அதன் பிறகு எல்லா சனிக்கிழமையும் அப்படியே கழிந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை.

இரண்டு மழைக்காலம் போன பிறகு ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் யாமித் பையோடு வந்து நின்றான். நூரிஸ் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் பழக்க தோஷத்தில் நேரே நடையில் போய்த் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினான். கையில் சுவர்தான் தட்டுப்பட்டது.

"ஒரு நிமிஷம் இருடா, ஒரே நிமிஷம்," என்று அடல்பெர்தோ சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வேர்க்க வேர்க்க உடைத்தார். கல் பெயர்ந்ததும் வந்த நாற்றத்தில் மூவரும் பின்வாங்கினார்கள். காற்றுப் போகாத அறையில் ஈரம் இறங்கி, மெத்தை முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. சட்டைகள் தொட்டால் உதிர்ந்துவிடும்போல் தொங்கின.

யாமித் தலையை நீட்டி ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தைப் பார்த்தான். "ஜாயிண்ட் எல்லாம் அழகா பண்ணிருக்கீங்கப்பா," என்றான். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"எத்தன நாள் இருப்ப?" என்று கேட்டார் அடல்பெர்தோ.

"இங்கயே இருந்துடலாம்னுதான் வந்தேன்."

"கூடத்துல படுடா, கண்ணு," என்றாள் நூரிஸ்.

"வேணாம்மா. ஓவெர் அண்ணன் வீட்ல பின்னாடி ரூம் இருக்கு, எப்ப வேணா வான்னு சொல்லிருக்காரு." பையைத் தோளில் மாட்டினான்.

போகாதேடா என்று ஒரு வார்த்தை. மன்னிச்சுக்கடா என்று ஒரு வார்த்தை. இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். அடல்பெர்தோவின் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவன் பெட்டில பேஸ் எப்படி இருக்கு?"

யாமித் வாசலில் நின்று திரும்பினான். "உங்களுது அளவுக்கு இல்லப்பா. ஆனா படுக்க ஒரு கட்டில் இருக்கு."

முதல் பாதியைக் கேட்டதும் ஒரு கணம் அவர் மனசு குளிர்ந்துவிட்டது. அந்த ஒரு கணத்துக்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.