சேத்தியாத்தோப்புக்குப் போன விரல்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்தவர்களின் விரல் ரேகைகள் 2006ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு மிஷினுக்குள் போய்விட்டன. அந்த வாரம் தக்காளி மலிவாக இருந்தது. வருகைப் பதிவுக்கென்று முதலாளி பழமலைநாதன் வாங்கிவந்த மிஷின் அது. சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, விரலை வை என்றார்கள், வைத்தார்கள். எடுத்தபோது விரல்நுனி சுட்டெடுத்த பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. வேலைக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து யார் எங்கே எதைத் தொட்டாலும் மிஷின் சீட்டு அடித்துத் தந்தது. முதலாளி அதைக் காலையில் கேட்டருகே நின்று படித்தார். ராஜாங்கம், வேப்பூர், பரோட்டா. பெரியம்மாள், அடுத்த பட்டறையின் கேட்டுக் கம்பி. வேறு வேலை விசாரிக்கப் போன பெரியம்மாள் அன்றே நிறுத்தப்பட்டாள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார்கள்.

பொம்மை வார்க்கிற ரெஜினாவுக்கு வேறு கஷ்டம். மகள் டெய்சி, சேத்தியாத்தோப்பில் நெல் போடுகிற பச்சமுத்துவை முருகன் கோயிலில் கட்டிக்கொண்டாள். அதே பட்டறையில் சூளை பார்க்கிற ரெஜினாவின் புருஷன் ஞானதாஸ் மகள் பேச்சையே எடுக்கக்கூடாது என்றிருந்தான். டெய்சிக்குப் பெண் பிறந்ததும் ரெஜினா ஞாயிறு பூசை முடிந்து அப்படியே பஸ் ஏறிப்போய்ப் பார்த்தாள். திங்கட்கிழமை சீட்டில் வந்தது: ரெஜினா, சேத்தியாத்தோப்பு, பிள்ளையின் கன்னம். ஞானதாஸ் எல்லார் எதிரிலும் சொன்னான்: "இன்னொரு தரம் உம்பேரு இப்பிடி வந்துச்சின்னா அங்கியே இருந்துக்க. என் வூட்டுக்கு வராத."

போகாமல் இருக்க முடியவில்லை. மிஷினுக்கு விரல் மட்டும்தான் தெரியும் என்பதால் பிள்ளையை முழங்கையால் தூக்கினாள், மணிக்கட்டால் தலையைத் தடவினாள். "என்னம்மா, நண்டு மாதிரி தூக்குற?" என்று டெய்சி சிரித்தாள். விஷயம் தெரிந்த பிறகு சிரிக்கவில்லை. இப்படியே பிள்ளைக்கு நடை வந்துவிட்டது. இடையில் மண் அரைக்கிற கோதண்டபாணி நெஞ்சடைத்துச் செத்துப்போனான். அவன் ரேகை உள்ளேயே கிடந்தது.

2008இல் கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கேட்காமல் எடுத்த ரேகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வருகைக்கு இனி மிஷின் கூடாது என்று உத்தரவைப் படித்தார், டீ குடித்தார், போனார். முதலாளி மிஷினைக் கழற்றி முறத்தில் தட்டினார். ரேகைகள் வறுக்காத சேமியா போல விழுந்தன. "கெடச்சத எடுத்துக்கங்கப்பா, எல்லாம் கைதானே" என்றார். பொம்மைக்குக் காது ஒட்டுகிற குழைமண்ணைத் தொட்டு ஆளாளுக்கு ஒட்டிக்கொண்டார்கள். ரெஜினா கடைசியாக வந்து மிச்சத்தை எடுத்தாள். எடுத்ததை மிஷின் மறக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை. அது முதலாளி அறையில் சீட்டு அடித்துக்கொண்டே இருந்தது, அவரும் படித்துக்கொண்டே இருந்தார். பேர்கள் மாறி வந்தன. முதலாளி மிஷினைத்தான் நம்பினார், ஆளை அல்ல.

அந்த வார ஞாயிறு பிள்ளை டெய்சி வீட்டு வாசலில் தடுக்கி விழுந்தது. ரெஜினா யோசிக்காமல் இரண்டு கையாலும் வாரி எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு விட மனசில்லை. திங்கள் காலை தன் துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். முதலாளி படித்தார்: கோதண்டபாணி, சேத்தியாத்தோப்பு, பிள்ளையின் முழங்கால்.

"செத்தவனுக்கு அங்க என்னாய்யா வேலை?"

"அந்தப் பக்கம் அவனுக்குச் சொந்தம் இருக்குதுங்க மொதலாளி" என்றான் ராஜாங்கம்.

முதலாளி சரியென்று தலையாட்டினார். அதன்பிறகு கோதண்டபாணி ஞாயிறுதோறும் போய்வந்தான். மூட்டையை மட்டும் ரெஜினா அவிழ்க்கவில்லை.

மாசியில் ஒரு புதன்கிழமை ஞானதாஸ் பல்வலி என்று லீவு போட்டான். மறுநாள் சீட்டில் வந்தது: ரெஜினா, சேத்தியாத்தோப்பு, பிள்ளையின் உள்ளங்கால். அந்தப் புதன் முழுக்க ரெஜினா முதலாளியின் கண்ணெதிரே பொம்மை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம் பொண்டாட்டி மறுபடியும் தொட்டுட்டாளேய்யா" என்றார் முதலாளி.

ஞானதாஸ் தன் விரல்களைப் பார்த்தான். "தொட்டா தொட்டுட்டுப் போவுதுங்க. பேத்திதானே."

சாயங்காலம் ரெஜினா மூட்டையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். சோறு வைக்கும்போது, "பல்லு எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள். "தேவலாம்" என்றான். அவள் ரேகைகள் அவன் விரல்களிலேயே இருந்தன. அவள் திருப்பிக் கேட்கவில்லை.