மண்சுவருக்குள் மறுபாதி

அந்த மனுஷன் நாசமாய்ப் போக வேண்டும். ஆறு வருஷமாகக் காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் நினைப்பது இதைத்தான். மனுஷன் என்றால் கோட்டை அகழாய்வின் இயக்குநர். இரண்டாயிரம் வருஷத்து மதிலைத் தோண்டி எடுத்தவர் என்று பேப்பரில் எல்லாம் போட்டார்கள். வெயிலில் கடப்பாறை பிடித்துக் கை காய்த்துப் போனவர்களைப் பற்றி யார் போடப் போகிறார்கள்?

அவளுடைய அண்ணன் அங்கேதான் குழி மேற்பார்வையாளனாக இருந்தான். மதிலின் அடியில் எழுத்து கீறிய பானை ஓடு ஒன்று, பாதியாய் உடைந்தது, அவன் கையில் கிடைத்தது. இந்த மதிலைக் கட்டியவர்களுக்கு எழுத்தே தெரியாது என்று இயக்குநர் அப்போதுதான் தலையணை தடிமனுக்கு ஒரு புத்தகம் போட்டிருந்தார். விடுவாரா?

"வீட்ல உக்காந்து ஆணியால கீறிக் கொண்டாந்திருக்கான், திருட்டுப் பய!"

அத்தனை பேர் முன்னாலும் அப்படிச் சொன்னார். ஓட்டின் புகைப்படத்தில் சிவப்பு மையால் 'போலி' என்று எழுதி, அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார். அதற்கப்புறம் எந்தக் குழியிலும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது லாரி ஓட்டுகிறான். வீட்டில் வாயே திறப்பதில்லை.

கல்யாணமானதும் அவள் புருஷன் பெயரை ஒட்டிக்கொண்டு அதே அகழாய்வில் படம் வரைபவளாகச் சேர்ந்தாள். யாருடைய தங்கை என்று இயக்குநருக்குத் தெரியாது. அவள் குறி வைத்தது ஒரு மண்சுவரை. இரண்டு குழிகளுக்கு நடுவே ஓர் அடுக்கையும் கலைக்காமல், சாட்சிக்காக ஒரு கஜம் மண்ணைத் தோண்டாமல் விடுவார்கள். கடைசி வருஷம்தான் அதை வெட்டுவார்கள். அண்ணனின் ஓடு அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடைத்தது. மறுபாதி உள்ளே இருந்துவிட்டால்? யாருமே தொடாத மண்ணுக்குள் போய் எவன் ஆணியால் கீறியிருக்க முடியும்?

சுவரை வெட்டும் நாளில் வேலையைச் சரிபார்க்க மேலிடம் அனுப்பிய மூன்று நிபுணர்கள் வந்திருந்தார்கள். அவள் வரைபலகையை வைத்துவிட்டு, சின்னக் கரண்டியோடு தானே உட்கார்ந்தாள். மத்தியானம் கறுப்பாக ஒரு விளிம்பு தலை நீட்டியது. மண்ணைத் தட்டினாள். நாலு எழுத்து, முதல் எழுத்து பாதியில் உடைந்திருந்தது.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர்.

"அற்புதம்! என் கருத்தையே நான் மாத்திக்கறேன். அதானே விஞ்ஞானம்!"

அவள் பழைய கோப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த, அண்ணன் ஓட்டின் அசல் அளவுப் புகைப்படத்தைப் புது ஓட்டின் பக்கத்தில் வைத்தாள். உடைந்த விளிம்பு அப்படியே பொருந்தியது. அரை எழுத்து முழு எழுத்தாயிற்று. அதன் மேல் 'போலி' சிவப்பாகக் கிடந்தது.

நிபுணர்களில் மூத்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, புகைப்படத்தைக் காட்டிக் கேட்டார்: "இந்தப் பாதி எங்க?"

இயக்குநர் அவள் காதருகே குனிந்தார். "ஸ்டோர்ல தொலைஞ்சு போச்சுன்னு சொல்லும்மா. அறிக்கையில உன் பேரைத்தான் முதல்ல போடுவேன்."

"சார் ஏதோ சொல்றாரு, மேடம். எனக்கு மட்டும் சொல்றாரு," என்றாள் ஊருக்கே கேட்கிற மாதிரி. "சத்தமா சொல்லுங்க சார். எங்கண்ணன் கண்டுபிடிச்ச ஓடு எங்க?"

"உங்க... அண்ணனா?"

"ஆமா. அந்தத் திருட்டுப் பயதான்."

அவர் மண்மேட்டுப் பக்கம் கை காட்டினார். "போலின்னு நினைச்சு... மண்மேட்டுல வீசிட்டேன்."

மூத்த அம்மா குழிக்கு அப்பால் மலையாய்க் குவிந்திருந்த மண்ணைப் பார்த்தார். ஆறு வருஷத்து மண். "வீசினது நீங்க. நீங்களே சலிங்க," என்றார்.

மறுநாள் காலை இயக்குநர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுச் சல்லடை முன்னால் உட்கார்ந்தார். பதினோரு மணிக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவள் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் தேம்பல் கேட்டது.

"வாண்ணே, வந்து பாரு," என்றாள்.

"கிடைச்சதும் வரேன்," என்றான். "இப்ப அந்த ஆளு சலிக்கட்டும்."

அவள் அடுத்த கூடை மண்ணைத் தானே தூக்கி வந்து சல்லடையில் கொட்டினாள். ஓடு கிடைக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். இந்த மாசம் கிடைக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.