மழை நேரக் கூலி

மனித உறவு காசு பணத்துக்கு அப்பாற்பட்டது என்பதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது பிரான்சின் பர்கண்டி மலைச்சரிவில் கூர்த்தோ குடும்பத்துத் திராட்சைத் தோட்டம்தான். இதைச் சொன்னவர் அன்செல்ம் கூர்த்தோ. தோட்டத்தின் சொந்தக்காரரும் அவரே.

ஆண்டுதோறும் செப்டம்பரில் ஸ்பெயினிலிருந்து என்கார்னா தன் ஆட்களோடு அறுவடைக்கு வந்துவிடுவாள். குமரியாக வந்தவள், இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். பெருமழை வந்தால் குலை வெட்ட முடியாது, ஒயின் நீர்த்துவிடும். எல்லோரும் கொட்டகையில் ஒதுங்குவார்கள். அன்செல்ம் ஒரு காலிப் பீப்பாய் மேல் உட்கார்ந்து பழைய நாட்களை எடுத்து விடுவார். அப்பா காலத்தில் குதிரை வண்டி. அறுவடையின் கடைசி நாள் அந்த வண்டிக்கு டாலியாப் பூச் சூட்டி, அக்கார்டியன் வாசித்து ஊருக்குள் கொண்டுவந்தது. அம்மா வைத்த பன்றிக்கறி சூப்பின் மணம் மாதாகோயில் வாசல் வரை போனது. குளிரில் விரல் விறைத்தவர்கள் சூப்புக் கிண்ணத்தை அணைத்துக்கொண்டே பாடியது. சொல்லச் சொல்ல அவர் குரல் தழுதழுக்கும். ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதிதான் தன் சொத்து என்று அவர் நினைத்தார். வங்கியில் அடகு வைக்காத சொத்தும் அது ஒன்றுதான்.

இந்த ஆண்டு சம்பள வேலையை மகள் ஒதில் எடுத்துக்கொண்டாள். அறுவடை முடிந்த மறுநாள் என்கார்னா சமையலறைக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"மழைக்குக் கொட்டகையில இருந்தோமே, அந்த நேரத்துக்கு இதுவரைக்கும் கூலி வந்ததே இல்லம்மா. இந்தத் தடவையும் இல்லேன்னா அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடுவோம். அங்க குடுக்கிறாங்க."

காப்பி குடித்துக்கொண்டிருந்த அன்செல்முக்குப் புரையேறியது. "சும்மா உக்காந்ததுக்குக் கூலியா? நாம ஒரு குடும்பம்னு நெனச்சேனே!"

"அப்பா, அவங்க ரூமுக்குப் போய்ப் படுத்திருந்தா கூலி கிடையாது. நீங்க இருக்கச் சொல்லி இருந்தா, அது வேலை நேரம். சட்டம் அப்படித்தான்," என்றாள் ஒதில்.

"நான் எங்க இருக்கச் சொன்னேன்? கதை கேக்கணும்னு அவங்களே ஆசையா உக்காந்தாங்க!"

என்கார்னா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "முதலாளி, 'எங்கயும் போயிடாதீங்க, இதோ விட்டுரும்'னு வாசலை மறிச்சு நின்னது யாரு? உங்க கதை எங்களுக்கு மனப்பாடம். போன வருஷம் வண்டி இழுத்தது பெட்டைக் குதிரை. இந்த வருஷம் ஆண் குதிரை."

"அது ரெண்டு குதிரை!"

"ரெண்டுக்கும் ஒரே பேரா?"

அன்செல்ம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொடிகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. வரிசைகளுக்கு நடுவே என்கார்னாவின் குரல் கேட்காத ஒரு செப்டம்பரை நினைத்துப் பார்த்தார்.

"என்னப்பா, இருக்கச் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்," என்றார் மெதுவாக. "குடுத்துடு. பழைய பாக்கியும் குடுத்துடு. ஆனா எல்லாரும் மனசாரத்தான் கேட்டாங்க."

"ஆமா முதலாளி, மனசாரத்தான்," என்றாள் என்கார்னா, அவர் தோளைத் தட்டி.

அடுத்த செப்டம்பரில் அவள் ஆட்களோடு வந்து இறங்கினாள். முதல் மழைக்கு அன்செல்ம் பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்தார். "இனிமே கட்டாயம் இல்ல. ரூமுக்குப் போறவங்க போகலாம். பழைய நாளைப் பத்திக் கேக்க ஆசைப்படுறவங்க இருக்கலாம், ஆனா கூலி கிடையாது," என்று பெருந்தன்மையாக அறிவித்தார்.

கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார்.