ராசப்பன் காட்டுக் கோல் கம்பம்

கடப்பாரை கல்லில் பட்டு ணங்கென்றது. சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பொன்னாயிக்கு உடனே தெரிந்துவிட்டது. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எங்க போற? பொணத்த உட்டுப்போட்டு எந்திரிக்கப்படாது."

அவள் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு காட்டுக்கு நடந்தாள்.

காடென்றால் எள்ளும் சோளமும் விளைகிற காடில்லை. அவள் புருஷன் ராசப்பன் பன்னிரண்டு வருஷமாக உழாமல் கால்பந்தாட்டத்துக்கு விட்ட மண். விடியக்காலையில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வெயில் ஏறுவதற்குள் அவன் அண்ணன் சென்னிமலை ஆள் வைத்து அங்கே மூங்கில் கோல் கம்பத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"என்னுங்க மாமா பண்றீங்க?"

"பாடைக்கு மூங்கல் வேணுமில்ல அம்மணி? ஆத்தோரம் போயிப் பச்ச மூங்கல் வெட்டியாரதுக்குள்ள பொழுது போயிரும். இதுக்கு இனி இங்க என்ன வேல? காரியம் முடிஞ்சதும் தறிப்பட்டற போட்டுரலாம். உனக்கும் சோத்துக்கு ஆச்சு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதே தறிப்பட்டறைக்காக அவளே புருஷனிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறாள்!

எழுபத்திரண்டாம் வருஷம் ஈரோட்டிலிருந்து ஒரு பழைய தோல் பந்தை வாங்கிக்கொண்டு வந்தான் மனுஷன். தறிக்காரப் பையன்கள், ஆலைக்குப் போகிறவர்கள், பரிசல் ஓட்டும் காத்தான் என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டான். காவேரி கால்பந்துக் கழகம் என்று பேரும் வைத்தாயிற்று. சாயப்பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி நீலச் சட்டை வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே மழை பிடித்துச் சாயம் ஓடி, பதினொரு பேரும் நீல முகத்தோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அவன் முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாயிக்குக் கை ஓய்ந்துபோனது.

சேலத்துக்காரர்கள் ஒருமுறை ஒன்பது கோல் போட்டார்கள். கோலில் நின்றவன் ராசப்பன்தான். "நா எத்தனையத் தடுத்தேன்னு யாராச்சும் கேக்கறாங்களா பாரு" என்று சிரித்துக்கொண்டே சோறு கேட்டான். கிறுக்கு மனுஷன்! ஜேடர்பாளையத்தில் ஒரே ஒரு தடவை கோப்பை ஜெயித்து, மேளம் கொட்டி ஊர்வலம் வந்தார்கள். மறுநாளே அவள் அந்தக் கோப்பையில் புளி போட்டு வைத்தாள். அதற்கும் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் இருந்தால் பந்துச் சத்தமும் அவன் கத்தலும் கேட்டுக்கொண்டே இருக்கும். திட்டிக்கொண்டேதான் சமைப்பாள். என்றைக்காவது சத்தம் நின்றால் உடனே எட்டிப் பார்ப்பாள்.

"அதப் புடுங்காதீங்க மாமா."

சென்னிமலை திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று பேசியதில்லை.

"உனக்குத்தான் இந்தப் பந்தே ஆகாதே?"

"ஆகாதுங்க. இன்னிக்கும் ஆகாது." அவள் சாய்ந்திருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள குட்டி இல்லாத ஊடுங்க மாமா. அவரும் போயிட்டாரு. ஞாயித்துக்கெழம அந்தப் பசங்க கத்தறதாச்சும் எங்காதுல உழுகோணும். இல்லீன்னா நா எப்படிங்க அங்க கெடப்பேன்? இது அவரு பங்குக் காடு. நா இருக்கற மட்டும் இங்க பட்டற வேண்டாமுங்க."

தோண்டிய ஆள் கடப்பாரையைக் கீழே வைத்தான். வேலியோரம் நின்ற காத்தான் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான்.

"ஏனுங்க, பரிசல்ல போயி நா பச்ச மூங்கல் வெட்டியாரேனுங்க. வெரசா வந்தர்றேன்."

சென்னிமலை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெட்டிட்டு வா, போ" என்றார். பாதி சாய்ந்திருந்த கம்பத்தை ஆட்கள் நிமிர்த்தி மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். அது நேராக நிற்கும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் பொன்னாயி உள்ளே போனாள்.

பாடை கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பெண்கள் தெருமுக்கு வரைக்கும்தான் போகலாம். அங்கே நின்றால் காடு முழுக்கத் தெரியும். ஆற்றோரச் சுடுகாட்டுக்கு நேர்த்தடம் கோல் கம்பங்களுக்கு நடுவேதான் போயிற்று. முன்னால் தோள் கொடுத்திருந்த சென்னிமலை கோலுக்கு நேரே வந்ததும் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"அவன் நின்னு தடுத்த கோலு, அதுக்குள்ள போவ வேண்டாம்" என்று அவர் பக்கவாட்டில் கையைக் காட்டினார். கம்பத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு தம்பியைத் தூக்கிப் போனார்கள்.