காலித் துப்பாக்கியின் கனம்

…பெரிய தோட்டாதான் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்ட பிறகு எதற்கு இந்தக் கூட்டம், எதற்கு என் அபிப்பிராயம், தலையாட்டத்தானே, ஆட்டிவிட்டுப் போகிறேன்… ஆனால் இதைச் சுமந்துகொண்டு மலையேறப் போகிறவன் என் தம்பி. காலாட்படைக்காரன், முழங்கால் ஏற்கெனவே போச்சு, லீவில் வந்தால் மாடிப்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறான், என்னடா என்றால் சிரிக்கிறான், சனியன். ஆயுதத் தேர்வுக் குழுவில் பொறியாளர் என்று எனக்கும் ஒரு நாற்காலி, நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், நடுவில் புதுத் துப்பாக்கியைப் பச்சைக் குழந்தை மாதிரி துணி விரித்துக் கிடத்தியிருக்கிறார்கள். விற்க வந்தவர் பொரிந்து தள்ளுகிறார், எதிரி எட்ட நின்று சுடுகிறான், நம் சின்னத் தோட்டா அவ்வளவு தூரம் போவதற்குள் சோர்ந்துவிடுகிறது, பெரியது போய்ச் சேரும்… பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல், பாதி உண்மை. பெரியது என்றால் கனமும்தானே, அதை ஏன் ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை?

போன முறை இதே அறையில்தான் சின்னதைப் போல உண்டா என்று சத்தியம் பண்ணாத குறையாகப் பேசினார்கள், அப்போது தலைவர் வேறு, விற்க வந்தவர்… இவரேதானோ, மீசையை எடுத்துவிட்டாரோ? அன்று வாங்கிக் குவித்தது கிடங்கில் எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது, இப்போது இது, நாளைக்கு இன்னொன்று, யார் அப்பன் வீட்டுச் சொத்து? நேற்று ஃபோனில் தம்பியைக் கேட்டேன், ஏன்டா, கனமான தோட்டா வந்தா என்னடா பண்ணுவீங்க? என்னக்கா பண்றது, தண்ணியக் குறைச்சுக்குவோம், என்றான். அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிடாத, என்றான் அப்புறம். தோட்டாவைக் குறைக்க முடியுமா, சாப்பாட்டைத்தான் விட்டுவிட்டுப் போக முடியுமா… தண்ணீர்தான் மிச்சம். சின்ன வயதில் ஆடிவிட்டு ஓடிவந்து குடத்திலேயே வாயை வைத்து அம்மாவிடம் அடி வாங்குவான், அவ்வளவு தாகம் அவனுக்கு.

தலைவர் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்க்கிறார், ஜோரா இருக்கே, என்கிறார், அது கைமாறி வருகிறது, ஆளாளுக்கு ஜோர் ஜோர். அறைக்குள் தோட்டா வரக்கூடாது, விதி. அதனாலேயே எடை என்றால் காலித் துப்பாக்கியின் எடைதான் என்று எங்கள் எல்லோருக்கும் பழகிப்போச்சு. மைதானத்தில் சுட்டுப் பார்த்ததுகூட மேசைமேல் மணல் மூட்டை வைத்துத்தான், தூக்கிக்கொண்டு எவன் நடந்தான்? நடக்கவில்லையே… கேட்டுவிடு, இப்போது கேட்காவிட்டால் எப்போது? சார், முழுக்கத் தோட்டா போட்டு, மத்த சுமையோட ஒரு நாள் மலையில நடந்து பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாமே? என் குரல்தானா இது, இவ்வளவு மெலிசாக? என்னம்மா நீங்க, தூக்கப் போறது நாமளா, என்கிறார் தலைவர், அறையே சிரிக்கிறது, ஐயோ, நானும் சிரிக்கிறேன், பாழாய்ப்போன வாய்.

அவர் பக்கத்து நாற்காலி என்னுடையது, அதனால் எனக்கு மட்டும் தெரிகிறது, சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியில் வலது மணிக்கட்டை நீவிவிட்டுக்கொண்டிருக்கிறார். காலித் துப்பாக்கிக்கே. அப்படியானால் தெரியாமல் இல்லை… கனம் அவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரிந்திருக்குமோ, தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் நான் இருக்கிறேன் என்று இத்தனை நாளாக எண்ணிக்கொண்டிருந்தேனே? சரி, சம்மதம்ங்கறவங்க கையத் தூக்குங்க, என்கிறார். ஒவ்வொரு கையாக எழுகிறது. அவரும் தூக்குகிறார், இடது கையை. என் கை இன்னும் திறக்காத தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.