அச்சு, பூச்சு, போச்சு

“போச்சு” என்றார் அக்கா, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. அதோடு ஆறாவது முறை.

அக்கா எங்களுக்கு உறவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்ப்பவர், எல்லோருக்கும் அக்கா. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் அலமாரிக்குள் வளரும் எலும்புச் செல்களை “என் பிள்ளைங்க” என்பார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து தீனி மாற்றிவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைகளுக்கு வீடு கட்டித்தருவது நானும் என் கணவரும். அவர் பாலிமர் இழையை உருக்கி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வரிமேல் வரியாக இழுத்து, விரல் நகம் அளவில் சல்லடை போல ஒரு சாரம் எழுப்புவார். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான். தாடையில் எலும்பு போன இடத்தில் வைத்தால், செல்கள் அதில் ஏறி எலும்பு கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் சாரம் மெல்லக் கரைந்து போக வேண்டும். ஆனால் வெறும் பாலிமரில் செல்கள் சரியாக ஒட்டாது. அதனால் எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்தை அதன்மேல் மெல்லிய தோலாகத் தெளித்துப் படியவைப்பது என் வேலை. ஆகவே அவர் அச்சு, நான் பூச்சு. எங்கள் கல்யாணப் பரிசுப் பொட்டலத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

“அச்சு நல்லாத்தான் இருக்கு. பூச்சுதான் போச்சு” என்று அக்கா நகர்ந்து இடம்விட்டார். பார்த்தேன். மூன்று வருடம் பதம் பார்த்துப் பார்த்து நான் செய்த பூச்சு, பொருக்குப் பொருக்காக உரிந்து மிதந்தது. ஒவ்வொரு பொருக்கின் மேலும் நாலைந்து செல்கள், சுருண்டு, உயிரில்லாமல்.

டைரக்டர் கோபப்படுகிற மனிதரல்ல. அதுதான் தொல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “திங்கட்கிழமை வேற பூச்சு பத்திப் பேசலாம்மா. இதுக்கு மேல இழுக்க வேண்டாம்” என்றார். பக்கத்தில் என் கணவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, “அச்சுல ஒரு குறையும் இல்ல சார்” என்றார். வாஸ்தவம்தான்; அவர் சாரத்தின் அடிப்பக்கம் பளிங்கு போல வழவழவென்று இருக்கும், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டுவார். ஆனாலும் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டில் ஆராய்ச்சிக்கூடப் பேச்சு கூடாதென்று எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஆகவே சனிக்கிழமை முழுக்க நாங்கள் எதுவுமே பேசவில்லை.

ஞாயிறு காலை அவர் சமையலறையில் காலித் தேன் பாட்டிலை வெந்நீரில் முக்கி வைத்திருந்தார். திருகாணி போட்டுவைக்கப் பாட்டில் வேண்டுமாம். துணி மடித்துக்கொண்டிருந்த நான், சுரண்டும் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால், பாட்டிலில் ஒட்டியிருந்த தாள் கிழியாமல் கசங்காமல் முழுசாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. அவர் அதையே பார்த்தபடி பேயறைந்தது போல நின்றார்.

“என்னங்க ஆச்சு?”

“நம்ம சட்டத்தை அஞ்சு நிமிஷம் ஒத்திவைக்கலாமா?”

“எதுக்கு?”

“நான் பசை தடவுறேன்.”

“எதுல?”

“அச்சடிக்கிற தட்டுல. ஸ்கூல் பிள்ளைங்க நோட்டுல ஒட்டுற குச்சிப் பசை. அப்பதான் முதல் வரி தூக்காம உக்காரும். அந்த வழவழப்பு அதுலதான் வருது.” மிதந்த தாளை விரலால் தள்ளினார். “சாரத்து அடியில ஒட்டிக்கிறது ஸ்பிரிட்ல துடைச்சா போயிடும்னு நெனச்சேன். போகல. நீ அந்தப் பசை மேலதான் பூசுற. அக்கா அதைக் கொண்டுபோய் வெதுவெதுன்னு தண்ணில போடுறாங்க.”

ஆறு முறை. ஐந்து மாதம். கையிலிருந்த தலையணை உறையை அவர்மேல் வீசினேன். ஈரக்கையோடு அதைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அசடு வழிந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாகி, கடைசியில் இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

“டைரக்டர்கிட்ட நீ சொல்றியா?”

“நீங்கதான் சொல்லணும். எல்லார் முன்னாடியும்.”

“அக்கா அடிப்பாங்க.”

“அடிக்கட்டும். அவங்க பிள்ளைங்க எத்தனை போயிருக்கு!”

திங்கட்கிழமை அவர் எழுந்து நின்று, பசைக்குச்சியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். டைரக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரிப்போர்ட்ல இது எங்கயும் இல்லையே?”

“வெட்கமா இருந்துச்சு சார்.”

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். “சரிம்மா. இன்னும் ஒரே ஒரு தடவை.”

அக்கா அடிக்கவில்லை. “ரெண்டு நாளைக்கு என் கண்ணுல படாத” என்று மட்டும் சொன்னார்.

பசையில்லாமல் அடித்த சாரங்களின் மூலைகள் காய்ந்த இலை போலச் சுருண்டன. ஒரு வாரம் முட்டி மோதிவிட்டு, அவர் தட்டையே உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். சாரம் உட்கார்ந்தது. அதன் அடிப்பக்கம் பூனை நாக்கு மாதிரி ஆகிவிட்டது. “அழகாவே இல்ல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார். தடவிப் பார்த்தேன். பூச்சுக்குப் பிடிமானம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் பூசிக்கொடுத்த சாரத்தில் செல்களை விட்ட ஐந்தாம் நாள், அக்கா அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். பின்னால் நாங்கள் இருவரும், எங்களுக்குப் பின்னால் டைரக்டரும் வரிசையில் நின்றோம்.

“சொல்லுங்கக்கா!”

“சும்மா இரு. எண்ணிட்டிருக்கேன்.”

உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நூற்றுப்பத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி எழுந்துகொண்டார்.

குனிந்தேன். சாயமேற்றிய செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. ஒன்றுகூடச் சுருளவில்லை, வரிகளின்மேல் காலை நீட்டி, உடம்பைப் பரப்பி, சொந்த வீடு போல உட்கார்ந்திருந்தன. இரண்டு வரிகளுக்கு நடுவே இருட்டாக ஓர் இடைவெளி. அதன் விளிம்பிலிருந்து ஒரே ஒரு செல், நூல் போலத் தன் கையை வெற்றிடத்துக்குள் நீட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்தை அது இன்னும் தொடவில்லை.

“நகரு, நான் பாக்கணும்” என்று அவர் என் தோளை இடித்தார்.

“இருங்க, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு” என்றேன், என் கண் முன்னாலேயே அது போய்ச் சேர்ந்துவிடும் என்பது போல.