மேடையில் அக்கா இல்லை

நூலக அரங்கில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றவர்கள் எல்லாம் தம்பியின் ஆட்கள். தம்பி என்றால் பேராசிரியையின் கூடப்பிறந்த தம்பி, தெருப் போராட்டங்களை நடத்துகிறவன். வகுப்பறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் விவாதம் ஊரார் காதிலும் விழட்டும் என்று ஐந்து கல்லூரிகளின் அரசியல் துறை ஆசிரியர்கள் கூடி ஆரம்பித்த பொது மேடை அது. அன்றைக்குத் தலைமை அவள். ‘ஓட்டுப் போட்டால் மட்டும் போதுமா?’ என்று தலைப்பு வைத்ததும், போதாது என்று பேச அவனைவிட்டால் ஆளில்லை என்று சக ஆசிரியர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவள்தான் தயங்கினாள். அப்பா போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு அறுந்திருந்து, இப்போதுதான் அவன் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்திருந்தான்.

அவன் பேசியபோது அரங்கம் அதிர்ந்தது. தேர்தல் என்பது அழுகிற பிள்ளையின் கையில் கொடுக்கிற கிலுகிலுப்பை என்றான். தெருவில் இறங்காமல் எந்த உரிமையும் வந்ததில்லை என்றான். அவளுக்கே உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அடுத்து எழுந்தவர் பழைய நகரமன்ற உறுப்பினர். ஒல்லியான மனிதர், காது மந்தம். “நான் ஜெயிச்சதும் ஓட்டாலதான், மண்ணைக் கவ்வினதும் ஓட்டாலதான்” என்று ஆரம்பித்ததுமே சுவரோரத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. பேசவிடாமல் அடிக்கிற தட்டு. பாராட்டு என்று நினைத்து அவர் கும்பிட்டார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

தம்பியின் பக்கம் சாய்ந்தாள். “உன் ஆளுங்கள நிறுத்தச் சொல்லேன்.”

“அது ஜனங்களோட குரல்க்கா. நிறுத்த நான் யாரு?”

அவள் எழுந்தாள். “இவரப் பேசவிடலன்னா, முன்னாடி பேசினவர் திரும்ப எழுந்து பதில் சொல்ற வாய்ப்பும் கிடையாது.”

வேண்டுமென்றே இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் தம்பியின் முன்னாலிருந்த மைக்கை எடுத்துப் பெரியவர் பக்கம் வைத்தாள்.

“அக்கா!”

“மேடையில அக்கா கிடையாது. உக்காருங்க.”

பிறந்த நாளிலிருந்து அவனை நீ, வா, போ என்றே கூப்பிட்ட வாய் அது. அந்த ‘ங்க’வைக் கேட்டதும் அவன் முகம் சிறுத்துப் போயிற்று. விறுவிறுவென்று வெளியேறினான். பாதி அரங்கம் பின்னாலேயே போனது. “ஆளைக் கூட்ட நாங்க படாத பாடு பட்டோம், மேடம்” என்று சக ஆசிரியர் ஒருவர் முனகினார்.

மிச்சமிருந்தவர்களிடம் பெரியவர் பேசினார். பேச்சு ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு சாக்கடையைக் கட்டி முடித்த கதையைச் சவ்வாக இழுத்தார். “ஓட்டுப் போட்ட எங்க தெருவுக்கு மட்டும் ஏன் அது வரல?” என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். இரண்டு முறை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. “அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா” என்று உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் போனபின் அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி திரும்பி வந்தான். அவனும் அடுக்க ஆரம்பித்தான்.

“மைக்கை எடுத்தது கூடப் பரவால்ல. உக்காருங்கன்னியே, அதுதான் வலிச்சுது.”

“சொன்ன எனக்கு வலிக்கலையா?”

“அந்தாளு அப்படி என்ன பெருசா சொல்லிட்டாரு?”

“ஒண்ணுமில்லதான். நீ இருந்திருந்தா நாலே கேள்வியில மடக்கியிருப்பே.”

அவன் ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தான். “அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவியா?” என்றான்.

“அது நான் மட்டும் முடிவு பண்றதில்ல. மத்த காலேஜ்காரங்களையும் கேக்கணும்.”

“ஓட்டெடுப்பா?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மேடையிலிருந்த நீள மேசையை வாசிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். வாசலில் மேசைக்கால் இடித்தது. சாய்க்கச் சொன்னாள் அக்கா. பின்னால் போகச் சொன்னான் தம்பி. சாவிக்கொத்தோடு காத்திருந்த காவலாளி, “யாராவது ஒருத்தர் சொல்றதக் கேளுங்களேன்” என்றார். நிலைப்படியில் குறுக்கே சிக்கிய மேசையை இரண்டு பேருமே கீழே வைக்கவில்லை.